தகவலாளி எண் 3838: மெல்பர்ன் போலீஸ் காத்த ரகசியம்

2004 மே மாதம், மெல்பர்ன் நகரின் கியூ பகுதியில் டெரன்ஸ் ஹாட்சனும் அவருடைய மனைவி கிறிஸ்டினும் சொந்த வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹாட்சன் போதைப்பொருள் வியாபாரி. கூடவே விக்டோரியா மாநிலப் போலீசுக்குத் துப்பு கொடுக்கும் இன்ஃபார்மர். அதற்கு எட்டு மாதம் முன்பு, 2003 செப்டம்பர் 27 அன்று, ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிப்போட்டி நடந்த நாளில், ஓக்லி வட்டாரத்தில் போதைப்பொருள் பதுக்கியிருந்த ஒரு வீட்டை உடைத்துக் கொள்ளையடித்ததாக அவர் கைதானார். அவரோடு சேர்ந்து கைதானவர், போலீசில் அவரைக் கையாண்டுவந்த துப்பறிவாளரேதான். மாட்டிக்கொண்ட ஹாட்சன், போலீஸ்காரர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். அவர் இன்ஃபார்மர் என்று காட்டிக்கொடுக்கும் போலீஸ் ஆவணங்கள் நிழலுலகில் கைமாறின. அப்புறம் கொலை. அதற்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

விக்டோரியா போலீஸ் இன்ஃபார்மர்களை நடத்திய விதத்தைப் பேசும்போது இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம். 'பெயர் வெளியே தெரிந்தால் ஆளைக் கொன்றுவிடுவார்கள்' என்பது பிற்பாடு அந்தப் போலீஸ் வருடக்கணக்கில் நீதிமன்றங்களில் வைத்த வாதம். அது பொய்யான வாதம் இல்லை. ஹாட்சன் தம்பதியின் கதியே அதற்குச் சான்று. ஆனால் அந்த நியாயமான பயத்தை எடுத்து எதன்மேலெல்லாம் போர்த்தினார்கள் என்று பார்த்தால்தான் வழக்கு புரியும்.

கட்சிக்காரர்களின் வக்கீல், போலீசின் ஆள்

நிகோலா காபோ மெல்பர்னில் பெயர்பெற்ற குற்றவியல் பாரிஸ்டர். விக்டோரியாவின் முன்னாள் ஆளுநர் சர் ஜேம்ஸ் காபோவின் குடும்பத்துப் பெண். 1990களின் இறுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீண்ட மெல்பர்ன் நிழலுலகச் சண்டையில், கார்ல் வில்லியம்ஸ், டோனி மோக்பெல் போன்ற பெரிய தலைகளுக்கெல்லாம் அவர் ஆஜரானார். நீதிமன்றத்துக்கு வெளியேயும் அவர்களோடு பழகினார். விருந்துகளில் உட்கார்ந்தார், எந்நேரமும் போனில் கிடைத்தார். கைதானவுடன் கூப்பிடும் முதல் எண் பலருக்கு அவருடையதுதான்.

இவரைப் போலீஸ் மூன்று முறை இன்ஃபார்மராகப் பதிவு செய்திருக்கிறது. 1995இல், அவர் சட்டக் கல்லூரி மாணவியாக இருந்தபோது ஒரு முறை. 1999இல், வக்கீலான பிறகு மறுமுறை. 2005 செப்டம்பரில் மூன்றாவது முறை. இந்தக் கடைசிப் பதிவின் எண்தான் 3838. 2009 ஜனவரி வரை அது உயிரோடு இருந்தது. அந்த மூன்றே கால் வருடமும் அவர் கோர்ட்டில் தன் கட்சிக்காரர்களுக்காக வாதாடிக்கொண்டும், அதே ஆட்களைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

பணத்துக்காகவா என்றால், அப்படித் தெரியவில்லை. மோக்பெல் கூட்டத்தின் நெருக்குதலிலிருந்து விடுபட வேண்டும் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. முக்கியமான ஆளாக இருப்பதில் அவருக்கு ஒரு மோகம் இருந்ததையும் பிற்பாடு நடந்த அரசு விசாரணையில் வெளிவந்த பேச்சுகள் காட்டுகின்றன. 2015இல் போலீஸ் உயரதிகாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தான் கொடுத்த தகவலால் 386 பேர் கைதாகி வழக்கைச் சந்தித்தார்கள் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணைச் சொன்ன தொனியில் வருத்தம் இல்லை.

சுவர் எழுப்பியவர்கள்

விக்டோரியா போலீசில் ஊழல் காரணமாகப் போதைப்பொருள் பிரிவையே 2001 இறுதியில் கலைத்திருந்தார்கள். துப்பறிவாளர்கள் ஆளாளுக்குச் சொந்த இன்ஃபார்மர் வைத்துக்கொள்வது, அவரோடு சேர்ந்து தண்ணியடிப்பது, கடைசியில் அவரோடு சேர்ந்தே திருடப் போவது என்ற நிலைக்கு முடிவு கட்ட வேண்டியிருந்தது. அதனால் 2004 இறுதியில் தனிப் பிரிவு ஒன்று சோதனை முயற்சியாகத் தொடங்கியது. ஆபத்து மிகுந்த இன்ஃபார்மர்களை இனி அந்தப் பிரிவுதான் கையாளும்.

ஏட்டளவில் பார்த்தால் அதன் நடைமுறை நன்றாகவே இருந்தது. இன்ஃபார்மருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். அவரோடு பேசுபவர் கையாளும் அதிகாரி. அவருக்கு மேலே ஒரு கண்காணிப்பாளர். எல்லாவற்றையும் பதிந்துவைக்க மையப் பதிவாளர். ஒவ்வொரு சந்திப்புக்கும் தொடர்பு அறிக்கை எழுத வேண்டும். பல சந்திப்புகளை ஒலிப்பதிவும் செய்தார்கள். கிடைத்த தகவலில் யார் சொன்னது என்ற வாடையே இல்லாதபடி துடைத்துவிட்டுத்தான் புலனாய்வாளர்களுக்கு அனுப்புவார்கள். வழக்கை விசாரிப்பவருக்கு இன்ஃபார்மர் யாரென்று தெரியக்கூடாது; இன்ஃபார்மரைக் கையாள்பவருக்கு வழக்கின் வெற்றி தோல்வியில் அக்கறை இருக்கக்கூடாது. நடுவில் சுவர். பல நாட்டுப் போலீசிலும் ஏற்கப்பட்ட முறை இது. ஹாட்சன் விஷயத்தில் இப்படி ஒரு சுவர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சுவர் இரண்டு பக்கமும் பார்வையை மறைத்தது. தகவல் எங்கிருந்து வந்தது என்று தெரியாத புலனாய்வாளர், அதை அரசு வழக்கறிஞரிடம் சொல்ல முடியாது. அரசு வழக்கறிஞருக்குத் தெரியாதது எதிர்த்தரப்புக்கும் நீதிபதிக்கும் எப்படித் தெரியும்? காபோ விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிழலுலகக் கொலைகளை விசாரித்த புரானா படையில் பலருக்கு அவர் யாரென்று நன்றாகவே தெரிந்திருந்தது. அதாவது போலீசுக்குள் சுவர் ஓட்டை. கோர்ட்டின் பக்கம் மட்டும் கெட்டியாக நின்றது.

ஓர் ஏப்ரல் இரவு

இந்த வழக்கில் மொத்தக் கோளாறையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 2006 ஏப்ரலில் நடந்த ஒரு கைதைப் பார்க்கலாம். விசாரணை ஆவணங்களில் 'மிஸ்டர் கூப்பர்' என்ற புனைபெயரில் வருபவர் போதை மாத்திரை காய்ச்சுவதில் கைதேர்ந்தவர். மோக்பெல் கூட்டத்துக்கு வேலை செய்தவர். ஏற்கெனவே வழக்குகளில் இருந்தவர். அவருடைய வக்கீல் காபோ.

கூப்பர் மறுபடி ஆய்வகம் வைத்துக் காய்ச்சத் தொடங்கியதைப் போலீசிடம் சொன்னவர் காபோ. ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டால் தப்பிக்க வழியில்லாமல் மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பார் என்பது திட்டம். அப்படியே பிடித்தார்கள். காவலில் இருந்த கூப்பர் சட்ட ஆலோசனை வேண்டும் என்று கேட்டார். யாரை அழைத்தார்? காபோவைத்தான். அவர் வந்தார், தனியாகப் பேசினார், ஒத்துழைத்துவிடு என்று அறிவுரை சொன்னார். கூப்பர் ஒத்துழைத்தார். அவருடைய சாட்சியத்தின் பலத்தில் பெரிய வழக்குகள் நின்றன.

கைதானவருக்குச் சுதந்திரமான வக்கீலின் ஆலோசனை கிடைக்க வேண்டும் என்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் பாலபாடம். அந்த அறைக்குள் போனவர் போலீசின் ஆள் என்பது கட்டடத்தில் இருந்த அதிகாரிகளுக்குத் தெரியும். கூப்பர் ஒருவருக்குத்தான் தெரியாது.

கையாண்ட அதிகாரிகள் பிற்பாடு சொன்ன பதில் கவனிக்க வேண்டியது. 'கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியம் எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். நடந்துகொண்டிருக்கும் குற்றத்தைப் பற்றிச் சொல்வது அந்த ரகசியப் பாதுகாப்புக்குள் வராது.' சட்டப்படி இதில் பாதி சரி. செய்யப்போகும் குற்றத்துக்கு வக்கீலைப் பயன்படுத்துபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதுதான். மறுபாதியை அவர்கள் தொடவே இல்லை. ஒரு ரகசியம்கூடச் சொல்லாவிட்டாலும், போலீசுக்கு வேலை செய்பவர் அந்த ஆளுக்கு வக்கீலாக நிற்க முடியாது. எதைச் சொன்னார் என்பதற்கு முன்னால், யாருடைய ஆள் என்ற கேள்வி இருக்கிறது. ஒலிநாடாக்களில் மணிக்கணக்காகப் பேச்சு ஓடுகிறது. இந்தக் கேள்வியை எழுப்பி யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

மற்றச் சம்பவங்களும் இதே அச்சுதான். 2007இல் இத்தாலியிலிருந்து தக்காளி டின்கள் என்ற பெயரில் கப்பலில் வந்த சரக்கில் 4.4 டன் எக்ஸ்டஸி, சுமார் 1.5 கோடி மாத்திரைகள், பிடிபட்டது. அப்போதைக்கு உலகிலேயே பெரிய எக்ஸ்டஸி வேட்டை. அந்தச் சரக்கின் கப்பல் ஆவணங்கள் காபோவின் கட்சிக்காரர் ஒருவரிடமிருந்து காபோவுக்கு வந்து, அங்கிருந்து போலீசுக்குப் போயின. ஃபரூக் ஓர்மன் என்பவர் 2002இல் நடந்த ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார். அவருக்கும் காபோ வக்கீல். அவருக்கு எதிரான முக்கியச் சாட்சிக்கும் காபோ வக்கீல். அந்தச் சாட்சி பின்வாங்காமல் பார்த்துக்கொள்ள உதவியவரும் அவரே. ஓர்மன் 12 ஆண்டு சிறையில் இருந்த பிறகு, 2019 ஜூலையில் தீர்ப்பு ரத்தானது. அரசுத் தரப்பே அதை எதிர்க்கவில்லை.

படிவத்தில் இல்லாத கட்டம்

காபோவைப் பதிவு செய்தபோது ஆபத்து மதிப்பீடு எழுதினார்கள். அவருடைய உயிருக்கு ஆபத்து என்று அதில் இருந்தது. விஷயம் வெளிப்பட்டால் போலீஸ் கடும் ஆய்வுக்கு உள்ளாகும், சங்கடம் நேரும் என்பதும் இருந்தது. அவரால் மாட்டிக்கொள்பவர்களின் விசாரணை நியாயமாக நடக்குமா என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஒரு வக்கீலை இப்படிப் பயன்படுத்தலாமா என்று பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு சட்ட ஆலோசனை கேட்டிருந்தால் அரை நாளில் பதில் வந்திருக்கும். கேட்கவில்லை.

2008இல் அவருடைய கார் தீவைத்து எரிக்கப்பட்டது. மிரட்டல்கள் வந்தபடி இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில், ஹாட்சன் கொலை வழக்கில் போலீஸ் குறிவைத்த முன்னாள் துப்பறிவாளர் ஒருவரோடு பேசி, அதை ரகசியமாக ஒலிப்பதிவு செய்துகொடுத்தார். இதனால் அவர் இன்ஃபார்மர் நிலையிலிருந்து சாட்சி நிலைக்கு மாறினார். என் பார்வையில், போலீஸ் செய்த எல்லாத் தவறுகளிலும் அவருடைய பாதுகாப்பை நேரடியாகக் குலைத்தது இதுதான். சாட்சி என்றால் கூண்டில் ஏற வேண்டும், குறுக்கு விசாரணை உண்டு, எதிர்த்தரப்பு ஆவணங்களைக் கேட்கும். மூன்று வருடம் பொத்திப் பொத்தி வைத்த ஆளை ஒரே வழக்குக்காக வெளிச்சத்தில் நிறுத்தப் பார்த்தார்கள்.

கையாண்ட பிரிவே இதை எதிர்த்தது. அப்போது அந்தப் பிரிவின் அதிகாரி ஒருவர் சாதக பாதகங்களைப் பட்டியலிட்டு மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வக்கீல் ஒருவர் போலீசுக்கு உதவியது மேலாய்வுக்கு உள்ளாகலாம், தீர்ப்புகள் நிலைக்காமல் போகலாம், மேல்முறையீடுகள் வரலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. தேதி 2008இன் கடைசி நாள். தெரியாமல் நடந்த தவறு என்ற சமாதானம் அந்தத் தேதியோடு முடிந்துபோகிறது. குறிப்பைப் படித்த யாரும் அரசு வழக்கறிஞரின் கதவைத் தட்டவில்லை. சிறையில் இருந்தவர்கள் சிறையிலேயே இருந்தார்கள்.

கடைசியில் அந்தச் சாட்சியமும் பயன்படவில்லை. கொலை வழக்கின் முக்கியச் சாட்சியான கார்ல் வில்லியம்ஸ் 2010 ஏப்ரலில் சிறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டதோடு அந்த வழக்கு கைவிடப்பட்டது. தன்னைக் காப்பாற்றத் தவறியதாகக் காபோ போலீஸ் மேல் வழக்குப் போட்டார். 28.8 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். 2012இல் முன்னாள் கமிஷனர் நீல் காம்ரியை வைத்து உள்ளுக்குள் ஆய்வு நடந்தது. சட்ட ஆலோசனையின்மை உட்படப் பல குறைகளை அவர் எழுதினார். 2013இல் அந்தத் தனிப் பிரிவை மூடினார்கள். 2014 மார்ச் இறுதியில் மெல்பர்னின் 'ஹெரால்ட் சன்' நாளிதழ் 'லாயர் எக்ஸ்' என்ற பெயரில் செய்தியை உடைத்தது. அதற்குப் பிறகுதான் அரசு வழக்குத் துறையின் தலைமை இயக்குநரே விஷயத்தின் முழு அளவையும் அறியத் தொடங்கினார்.

உயிரா, நியாயமான விசாரணையா

விவரம் தெரிந்ததும் அந்த இயக்குநர் செய்ய நினைத்தது எளிய காரியம். காபோவின் தகவலால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய மோக்பெல் உள்ளிட்டவர்களுக்குக் கடிதம் எழுதி உண்மையைச் சொல்வது. அதைத் தடுக்கப் போலீஸ் வழக்குப் போட்டது. அரசின் இரண்டு கைகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய அந்த வழக்கு, கதவடைத்த நீதிமன்றங்களில், பெயருக்குப் பதில் எழுத்துகளை வைத்து நடந்தது. போலீசின் கையில் இருந்தது பழைய, வலுவான கொள்கை: இன்ஃபார்மரின் அடையாளத்தை வெளியிடும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. நம் ஊரிலும் இது உண்டு. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீசைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 'ரகசியத் தகவலின் பேரில்' என்று நம் பத்திரிகைகளில் தினமும் வரும் வரிக்குப் பின்னால் நிற்பது அதுதான். அதற்கு அடுத்த 126ஆம் பிரிவு, வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது. புதிய சட்டத்திலும் 131, 132 என்று பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டு பிரிவுக்குள்ளும் வந்து நிற்பார் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கொள்கைக்கு ஒரு விலக்கு, இங்கிலாந்தில் 1890ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலேயே, சொல்லப்பட்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று காட்ட அந்தப் பெயர் தேவைப்பட்டால் ரகசியம் வழிவிட வேண்டும். விக்டோரியாவின் கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் அந்தப் பக்கமே சாய்ந்தன. பெயர் வெளியானால் அவர் கொல்லப்படுவது கிட்டத்தட்ட உறுதி என்பதை ஏற்றுக்கொண்டே அப்படித் தீர்ப்பளித்தார்கள்.

2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் உச்ச அதிகாரம் கொண்ட ஹைகோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகப் போலீசின் முறையீட்டைத் தள்ளினார்கள். டிசம்பர் 3 அன்று அது வெளியானது. காபோ செய்தது வக்கீல் கடமையின் அடிப்படையையே மீறிய செயல், அதைத் தெரிந்தே ஊக்குவித்த போலீசின் நடத்தை கண்டிக்கத்தக்கது, அந்த வழக்குகள் குற்றவியல் நீதி முறையின் அடித்தளத்தையே கெடுத்துவிட்டன என்று எழுதினார்கள். பாதுகாப்பைப் பற்றிச் சொன்னது அதைவிடக் கறார். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேரும்படி காபோவைப் போலீஸ் கேட்டது; அவர் மறுத்தார். தன்னைப் பாதுகாக்கும் வழியை ஒருவர் மறுத்துவிட்டால், அதன் விளைவை அவர்தான் சுமக்க வேண்டும். அதற்காகத் தண்டனை பெற்றவர்களின் உரிமையை நிறுத்திவைக்க முடியாது. அவருக்குச் சின்னக் குழந்தைகள் இருப்பது தெரிந்தும் நீதிபதிகள் இதைச் சொன்னார்கள். கேட்கக் கடினமான தீர்ப்பு. ஆனால் இன்ஃபார்மரின் பாதுகாப்பை ரகசியம் என்ற ஒரே தூணில் நிறுத்தினால், அந்தத் தூண் விழும் நாளுக்கு வேறு ஏற்பாடு இருக்க வேண்டாமா? இட மாற்றம், புதுப் பெயர், காவல் என்று ஏற்பாடுகள் இருந்தன. போலீசோடு நம்பிக்கை முறிந்துபோன பிறகு அவற்றை ஏற்க அவர் தயாராக இல்லை.

தீர்ப்பு வெளியான அன்றே விக்டோரியா அரசு ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணை ஆணையத்தை அறிவித்தது. 2019 மார்ச்சில் காபோவின் பெயர் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அவர் நாட்டை விட்டுப் போயிருந்தார். 2020 தொடக்கத்தில் தொலைபேசி வழியாகத்தான் சாட்சி சொன்னார். குயின்ஸ்லாந்தின் முன்னாள் மேல்முறையீட்டு நீதிபதி மார்கரெட் மக்மர்டோ 2020 நவம்பரில் கொடுத்த இறுதி அறிக்கையின்படி, 1,011 பேரின் தண்டனைத் தீர்ப்புகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். 111 பரிந்துரைகள் இருந்தன. 30 ஆண்டு தண்டனை பெற்றிருந்த மோக்பெல் 2025 ஏப்ரலில் ஜாமீனில் வெளியே வந்தார்.

போலீஸ்காரர்கள் மேல் குற்றவியல் நடவடிக்கை? அதற்காகவே 2021இல் ஒரு சிறப்பு விசாரணையாளரை நியமித்தார்கள். ஜெஃப்ரி நெட்டில், 2018 தீர்ப்பில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர். ஆதாரங்களைத் திரட்டி, வழக்குப் போடலாம் என்று அவர் சொன்னார். அரசு வழக்குத் துறை முடியாது என்றது. காலம் கடந்துவிட்டது, காபோவின் சாட்சியத்தை நம்பி நிற்க வேண்டியிருக்கும் என்பவை காரணங்களில் சில. இனி இந்த அலுவலகத்தை நடத்திப் பயனில்லை என்று 2023இல் நெட்டில் எழுதிக் கொடுத்தார். அலுவலகம் மூடப்பட்டது. ஒருவர் மேலும் வழக்கு இல்லை. போலீஸ் தன் வாழ்க்கையைக் குலைத்தது என்று காபோ மறுபடி போட்ட வழக்கும் 2025 ஜூனில் தோற்றது.

2023இல் விக்டோரியா, இன்ஃபார்மர்களைக் கையாள்வதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. இந்த மாதிரித் தனிச் சட்டம் உலகில் அபூர்வம். பதிவு இல்லாமல் யாரையும் பயன்படுத்தக் கூடாது. வக்கீல், மருத்துவர், பத்திரிகையாளர், மத குரு போன்றவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் தனிக் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பொதுநலக் கண்காணிப்பாளர் என்ற வெளி ஆள் பார்த்துப் பரிந்துரை சொல்வார். காபோ காலத்தில் இல்லாத வெளிக் கண் இப்போது இருக்கிறது என்பது பெரிய மாற்றம். ஆனால் அவர் சொல்வது பரிந்துரைதான். கையெழுத்துப் போடுவது இன்னமும் போலீஸ். வக்கீல்களை இன்ஃபார்மராக்குவதை அடியோடு தடை செய்யும்படி வழக்கறிஞர் அமைப்புகள் கேட்டன. சட்டம் அந்த வாசலை முழுசாக மூடவில்லை, தாழ்ப்பாள் மட்டும் போட்டிருக்கிறது. அனுமதி தரும் கையெழுத்தை ஒரு நீதிபதியிடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். போனை ஒட்டுக்கேட்கவே வாரண்ட் தேவைப்படும் நாட்டில், ஒரு வக்கீலை அவருடைய கட்சிக்காரர் மேலேயே ஏவிவிட அது தேவையில்லை என்பது எந்தக் கணக்கோ.